வாசலில் யார், கையில் என்ன தாள்? பள்ளி, மருத்துவமனை, கோயிலுக்கு ஐஸ் அதிகாரிகள் வந்தால் செய்ய வேண்டியவை

அமெரிக்காவில் பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டுத் தலம் போன்ற இடங்களில் இமிக்ரேஷன் கைதுகளைக் கூடியவரை தவிர்க்க வேண்டும் என்ற மத்திய அரசின் கட்டுப்பாடு பல ஆண்டுகள் இருந்தது. 2011 அக்டோபரில் அப்போதைய ஐஸ் (குடியேற்ற, சுங்க அமலாக்க முகமை) இயக்குநர் ஜான் மார்ட்டன் அதைக் குறிப்பாணையாக வெளியிட்டார். 2021 அக்டோபரில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலர் அலஹாண்ட்ரோ மயோர்காஸ் அதை விரிவாக்கி, விளையாட்டுத் திடல், பள்ளிப் பேருந்து நிறுத்தம், உணவு வங்கி, தடுப்பூசி மையம், திருமணம், இறுதிச் சடங்கு வரை சேர்த்தார். 2025 ஜனவரி 20 அன்று அந்த ஆணை ரத்தானது. எங்கே நுழைவது, எங்கே நுழையாமல் விடுவது என்பதை இப்போது களத்தில் இருக்கும் அதிகாரியும் அவருடைய மேலதிகாரியுமே தீர்மானிக்கிறார்கள்.

ஆணை போனாலும் அரசியலமைப்பின் நான்காம் திருத்தம் போகவில்லை. பொதுமக்களுக்குத் திறந்துவிடாத இடத்துக்குள் நுழைய, நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் வேண்டும். இல்லையென்றால் அங்கே பொறுப்பில் இருப்பவரின் சம்மதம் வேண்டும். அதுவும் இல்லையென்றால் உயிராபத்து போன்ற அவசர நிலை இருக்க வேண்டும். நடைமுறையில் பெரும்பாலான இடங்களில் கதவு திறப்பது சம்மதத்தால்தான், அதுவும் பதற்றத்தில், யோசிக்காமல் கொடுத்த சம்மதத்தால். முன்னேற்பாடு எல்லாம் அந்த ஒரு நொடிக்காகத்தான்.

பள்ளி அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர், கிளினிக் வரவேற்பு மேசையில் இருப்பவர், வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் ஒருங்கிணைப்பாளர், கோயில் தன்னார்வலர் ஆகியோருக்காக இதை எழுதுகிறோம். உங்கள் அமைப்பின் வழக்கறிஞர் சொல்வதோடு சேர்த்துப் படியுங்கள். வழக்கறிஞரே இல்லை என்றால் முதலில் ஒருவரைத் தேடுங்கள். அதிகாரிகள் வாசலுக்கு வந்த பிறகு தேடினால் கிடைக்கமாட்டார்.

முதல் படி: பொது இடம் எது, தனி இடம் எது என்று கோடு போடுங்கள்

கட்டடத்தின் வரைபடத்தை ஒரு தாளில் எடுத்துக்கொண்டு இரண்டு வண்ணத்தில் குறியுங்கள். யார் வேண்டுமானாலும் கேள்வி இல்லாமல் நடந்து வரக்கூடிய இடம் பொது இடம்: வாகன நிறுத்துமிடம், மருத்துவமனை லாபி, அவசர சிகிச்சைப் பிரிவின் காத்திருப்பு அறை, நடை திறந்திருக்கும் நேரத்தில் கோயிலின் பெரிய மண்டபம். அங்கே வர அதிகாரிகளுக்கு எந்த வாரண்டும் தேவையில்லை. 2025 ஜூலையில் கலிஃபோர்னியாவின் க்ளெண்டேல் நகர மருத்துவமனை ஒன்றின் லாபியில், சிகிச்சையில் இருந்த ஒருவருக்காக அதிகாரிகள் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். லாபி பொது இடம் என்பதால் அதைத் தடுப்பது எளிதாக இருக்கவில்லை.

வகுப்பறை, ஆசிரியர் அறை, நோயாளியைப் பரிசோதிக்கும் அறை, மருந்து வைப்பறை, கோயில் மடைப்பள்ளி, அர்ச்சகர் தங்கும் குடியிருப்பு, அலுவலகம் ஆகியவை தனி இடங்கள். ஆனால் தனி இடம் என்று நாம் மனதில் நினைத்தால் போதாது, பார்ப்பவருக்கும் அப்படித் தெரிய வேண்டும். கதவில் 'ஊழியர்களுக்கும் அனுமதி பெற்றவர்களுக்கும் மட்டும்' என்று ஆங்கிலத்தில் ஒரு பலகை, சாத்திய கதவு, முடிந்தால் பூட்டு. பலகையை மாட்டிவிட்டுக் கதவுக்கு நாற்காலி முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்தால் பலகைக்கு மதிப்பே இல்லை. தமிழ்ப் பள்ளிகளில் இதைத்தான் அடிக்கடி பார்க்கிறோம்: தாமதமாக வரும் பெற்றோருக்காகப் பக்கவாட்டுக் கதவின் இடுக்கில் ஒரு புத்தகத்தை மடித்துச் செருகி வைப்பார்கள். அந்தப் புத்தகத்தை எடுத்துவிட்டு, அந்தக் கதவில் ஒரு பெற்றோரை நிற்கச் சொல்லுங்கள்.

கண்ணில் படுவதையும் கவனியுங்கள். பொது நடைபாதையில் நின்றபடியே பார்த்துவிடக்கூடிய எதற்கும் வாரண்ட் தேவையில்லை. தாதியர் நிலையத்தின் வெள்ளைப் பலகையில் நோயாளிகளின் முழுப் பெயர், வரவேற்பு மேசையில் திறந்து கிடக்கும் கையெழுத்துப் பதிவேடு, வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்த கணினித் திரை ஆகிய மூன்றையும் ஒரே பகலில் சரிசெய்துவிடலாம்.

வாடகைக் கட்டடத்தில் நடக்கும் வார இறுதிப் பள்ளிகளுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. கட்டடம் பள்ளி மாவட்டத்துடையது (அப்பகுதிப் பொதுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு). சனிக்கிழமை முதல்வர் இருக்கமாட்டார். சாவி துப்புரவுப் பணியாளரிடம் இருக்கும். அவர் கதவைத் திறந்துவிட்டால் அது சம்மதமாகவே எடுத்துக்கொள்ளப்படலாம். எனவே, வாடகை நேரத்தில் அதிகாரிகள் வந்தால் பதில் சொல்லும் பொறுப்பு யாருக்கு, மாவட்ட அலுவலகத்தில் வார இறுதியில் யாரை அழைப்பது என்று முன்பே மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலை அச்செடுத்துப் பணியாளருக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

இரண்டாம் படி: பேசுவதற்கு ஒருவர், அவர் இல்லாவிட்டால் இன்னொருவர்

எல்லாரும் பேசினால் யாராவது ஒருவர் தவறாகப் பேசிவிடுவார். அதிகாரிகளோடு பேச ஒருவரையும் மாற்றாக ஒருவரையும் நியமியுங்கள். மற்ற எல்லாரும் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "உள்ளே அனுமதிக்க எனக்கு அதிகாரம் இல்லை, பொறுப்பாளரை அழைக்கிறேன், இங்கேயே காத்திருங்கள்." அதை ஆங்கிலத்தில் மனப்பாடமாகச் சொல்லிப் பழக வேண்டும். "ஐ ஆம் நாட் ஆத்தரைஸ்டு டு லெட் யூ இன். ப்ளீஸ் வெய்ட் ஹியர்." ஆங்கிலம் அவ்வளவாக வராத தன்னார்வலர் தலையாட்டிவிடுவார், அல்லது மரியாதைக்காக ஒதுங்கி வழிவிடுவார். இரண்டையும் சம்மதம் என்று பின்னால் வாதிட முடியும்.

இது வேலை செய்யும் என்பதற்கு லாஸ் ஏஞ்சலிஸ் சாட்சி. 2025 ஏப்ரல் 7 அன்று உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அதிகாரிகள் அந்நகரின் இரண்டு தொடக்கப் பள்ளிகளுக்கு வந்து, குறிப்பிட்ட சில குழந்தைகளைப் பார்க்க வேண்டும் என்றார்கள். குடும்பத்தினர் அனுமதி கொடுத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். அப்படி யாரும் கொடுக்கவில்லை என்று பின்னர் மாவட்டம் தெரிவித்தது. குழந்தைகளின் நலம் விசாரிக்கவே போனோம் என்பது துறையின் விளக்கம். நீதிமன்ற வாரண்ட் இல்லாததால் முதல்வர்கள் உள்ளே விடவில்லை; அதிகாரிகள் திரும்பிப் போனார்கள். அந்த முதல்வர்களுக்கு முன்கூட்டியே பயிற்சி தரப்பட்டிருந்தது.

மேசைக்கடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கட்டும்: பொறுப்பாளர், மாற்று, வழக்கறிஞர், மாவட்ட அல்லது மருத்துவமனைச் சட்டப் பிரிவு ஆகியோரின் எண்கள். தொலைபேசிக்குள் மட்டும் இருக்கும் எண், அந்தத் தொலைபேசிக்காரர் விடுப்பில் போன நாளில் உதவாது.

மூன்றாம் படி: தாளைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். அதிகாரி காட்டும் தாளில் 'வாரண்ட்' என்ற சொல் இருப்பதாலேயே அது கதவைத் திறக்கும் வாரண்ட் ஆகிவிடாது.

ஐ-200, ஐ-205 என்ற எண் கொண்ட படிவங்கள் நிர்வாக வாரண்ட்கள். முதலாவது கைதுக்கு, இரண்டாவது நாடு கடத்தலுக்கு. மேலே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் பெயர் இருக்கும். கீழே கையெழுத்திட்டிருப்பவர் ஒரு இமிக்ரேஷன் அதிகாரி. நீதிபதி அதைப் பார்த்ததே இல்லை. பொது இடத்தில் அந்த நபரைக் கைது செய்ய இந்தத் தாள் போதும். ஆனால் வகுப்பறைக்குள்ளோ பரிசோதனை அறைக்குள்ளோ நுழையும் உரிமையை இது தருவதில்லை.

நீதிமன்ற வாரண்டில் மேலே 'யுனைட்டெட் ஸ்டேட்ஸ் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்' என்றோ மாநில நீதிமன்றத்தின் பெயரோ இருக்கும். கையெழுத்து ஒரு நீதிபதியுடையதாகவோ மேஜிஸ்ட்ரேட் நீதிபதியுடையதாகவோ இருக்கும். 'இமிக்ரேஷன் ஜட்ஜ்' என்று இருந்தால் ஏமாற வேண்டாம்: இமிக்ரேஷன் நீதிபதிகள் நீதித்துறை அமைச்சகத்தின் ஊழியர்கள், தேடுதல் வாரண்ட் கொடுக்கும் நீதிபதிகள் அல்லர். மத்திய நீதிமன்றத் தேடுதல் வாரண்ட் வழக்கமாக ஏஓ 93 என்ற படிவத்தில் வரும். அதில் மூன்றைச் சரிபாருங்கள். முகவரி உங்கள் கட்டடத்தின் முகவரிதானா? எந்த அறை, எந்தப் பொருள் என்று எழுதியிருக்கிறதா? தேதி தாண்டிவிட்டதா? வாரண்டில் குறித்த காலத்துக்குள், அதிகபட்சம் 14 நாளுக்குள், அதை நிறைவேற்ற வேண்டும். நீதிபதி தனியாக அனுமதிக்காவிட்டால் காலை 6 மணி முதல் இரவு 10 மணிக்குள்தான் வர வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் தடுக்காதீர்கள். வாரண்டில் சொன்ன இடத்தை மட்டும் காட்டுங்கள். அதற்கு அப்பால் போனால் "இதற்கு நான் சம்மதிக்கவில்லை" என்று வாய்விட்டுச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏஓ 442 என்பது நீதிபதி கொடுக்கும் கைது வாரண்ட். நீதிபதியின் கையெழுத்து இருந்தாலும், ஒருவரைப் பிடிக்கும் வாரண்டைக் கொண்டு இன்னொருவரின் வீட்டுக்குள் புகுந்து தேடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1981-இல் ஸ்டீகல்ட் வழக்கில் சொன்னது. இந்தத் தாள் வந்தால் அந்த இடத்திலேயே வழக்கறிஞரை அழையுங்கள்.

ஆவணங்களைக் கேட்டு வரும் ஐ-138 போன்ற நிர்வாக சப்பீனாக்கள் (அழைப்பாணைகள்) வேறு வகை. அவற்றுக்கு அந்த நிமிடமே பதில் தர வேண்டியதில்லை. பெற்றுக்கொண்டு, தேதியும் நேரமும் எழுதி, வழக்கறிஞரிடம் கொடுங்கள். மறுத்தால் அரசு நீதிமன்றத்துக்குப் போய் உத்தரவு வாங்க வேண்டும்.

கோயில் நிர்வாகிகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஆர்-1 என்ற சமயப் பணியாளர் விசாவில் அர்ச்சகரை அழைத்து வர மனு செய்த கோயிலுக்கு, அத்தகைய மனுக்களைப் பரிசீலிக்கும் யுஎஸ்சிஐஎஸ் முகமையின் அதிகாரிகள் கள ஆய்வுக்கு வருவது அந்த மனு நடைமுறையின் ஒரு பகுதி. ஹெச்-1பி ஊழியர் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கும் அப்படி வருவார்கள். இவர்களை ஐஸ் என்று நினைத்து விரட்டினால் மனுவே நிராகரிக்கப்படலாம். அடையாள அட்டையைக் கேளுங்கள், எந்த முகமை என்று கேளுங்கள், மனு போட்ட வழக்கறிஞரைத் தொலைபேசியில் இணைத்துக்கொண்டு பேசுங்கள்.

நான்காம் படி: வாசலில் அந்தச் சில நிமிடங்கள்

வெளியே போய்ப் பேசுங்கள். பின்னால் கதவு சாத்தியிருக்கட்டும். மேலங்கியில் 'போலீஸ்' என்று எழுதியிருப்பதை வைத்து உள்ளூர்க் காவலர் என்று நினைத்துவிடாதீர்கள், ஐஸ் அதிகாரிகளும் அதையே அணிவதுண்டு. பெயர், அடையாள எண், முகமை மூன்றையும் கேட்டு எழுதுங்கள். தாளைக் கேட்டு வாங்கி, முழுப் பக்கமும் தெரியப் படமெடுங்கள். ஊரறிய ஒரு வாக்கியம்: "ஐ டு நாட் கன்சென்ட் டு எ சர்ச்" (தேடுதலுக்கு நான் சம்மதிக்கவில்லை). பிறகு பேச்சைக் குறையுங்கள். அவர் தேடும் நபர் இன்று வந்திருக்கிறாரா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று பொய் சொல்லக்கூடாது, 'ஆமாம்' என்று சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. "வழக்கறிஞர் வந்த பிறகே பதில் சொல்வோம்" என்பது போதும்.

சில சமயம், சரியான வாரண்ட் இல்லாமலேயே தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிடுவார்கள். சிகாகோவில் 2025 நவம்பர் 5 அன்று ஓர் ஆசிரியரைத் துரத்தி அதிகாரிகள் மழலையர் பராமரிப்பு மையத்துக்குள்ளேயே நுழைந்து அவரைப் பிடித்துப் போனார்கள். பெற்றோர் குழந்தைகளை விட வந்திருந்த காலை நேரம் அது. அப்படி நடந்தால் உடலைக் குறுக்கே கொண்டுபோகாதீர்கள். சம்மதம் இல்லை என்று திரும்பச் சொல்லுங்கள், விலகி நின்று படம் பிடியுங்கள், குழந்தைகளை இன்னொரு அறைக்கு அழைத்துப் போங்கள். அந்த நுழைவு சட்டவிரோதமானதா என்பதை நீதிமன்றத்தில் நிறுவ உங்கள் குறிப்புதான் உதவும்.

இங்கே நல்ல மனது உள்ளவர்களே பெரிய தவறு செய்கிறார்கள். பின்கதவு வழியாக ஒருவரை அனுப்பிவிடுவது, அறையில் ஒளித்து வைப்பது, பதிவேட்டைக் கிழிப்பது மூன்றும் உங்கள் மேலேயே குற்ற வழக்காகும். மில்வாக்கி நகரில் அப்போது நீதிபதியாக இருந்த ஹன்னா டூகன், நடுவர் குழுவினர் பயன்படுத்தும் கதவு வழியாக ஒருவரை அனுப்பியதற்காக 2025 ஏப்ரலில் கைதாகி, டிசம்பரில் இடையூறு செய்த குற்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பு பெற்றார். நீதிபதிக்கே அப்படி என்றால், கோயில் தன்னார்வலருக்கு எந்தச் சலுகையும் கிடைக்காது.

ஐந்தாம் படி: இல்லாத தகவலை யாரும் கேட்டு வாங்க முடியாது

1982-இல் ப்ளைலர் எதிர் டோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, குடியேற்ற நிலை எதுவானாலும் குழந்தைக்குப் பொதுப் பள்ளியில் இடம் உண்டு. ஆகவே சேர்க்கைக்கு வயதுச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்கலாம். விசா கேட்க அவசியமே இல்லை. தமிழ்ப் பள்ளிகளின் கூகுள் படிவங்களில் இன்னும் 'விசா வகை', 'பிறந்த நாடு' என்ற கட்டங்கள் இருக்கின்றன. யாரோ ஒரு வருடம் சேர்த்தது, பிறகு யாரும் நீக்கவில்லை. இன்றே நீக்குங்கள், பழைய பதில் தாள்களை வைத்திருக்க வேண்டுமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். சப்பீனா வந்த பிறகு அழித்தால் அது குற்றம்.

மாணவர் பதிவுகளைப் பெற்றோர் சம்மதமின்றிக் கொடுக்கக்கூடாது என்பது ஃபெர்பா சட்டம். அதில் ஒரு ஓட்டை உண்டு: பெயர், முகவரி, தொலைபேசி எண் போன்றவற்றைப் பள்ளி 'டைரக்டரி தகவல்' என்று வகைப்படுத்தினால் சம்மதம் இல்லாமலே வெளியிடலாம். அதிலிருந்து விலகும் உரிமை பெற்றோருக்கு உண்டு. கல்வியாண்டுத் தொடக்கத்தில் வரும் காகிதக் குவியலில் அந்த ஒற்றைப் படிவத்தைத் தேடி எடுத்துக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். கல்லூரியில் எஃப்-1 விசாவில் படிக்கும் மாணவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு முழுமையாகக் கிடைக்காது: செவிஸ் என்ற வெளிநாட்டு மாணவர் பதிவு அமைப்பு தொடர்பான விவரங்களைக் கல்லூரி ஐஸுக்குத் தந்தே ஆக வேண்டும்.

மருத்துவமனையில், 1986-ஆம் ஆண்டின் எம்டாலா சட்டப்படி அவசர சிகிச்சைப் பிரிவு வந்தவரைப் பரிசோதித்து நிலைப்படுத்தியே ஆக வேண்டும், யாராக இருந்தாலும். டெக்சஸிலும் ஃப்ளோரிடாவிலும் மருத்துவமனைகள் குடியேற்ற நிலையைக் கேட்கும். பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் சிகிச்சை மாறக்கூடாது. நெஞ்சு வலியோடு வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள் என்று உங்கள் பெரியவர்களிடம் சொல்லுங்கள். நோயாளிகளின் தகவலைக் காக்கும் ஹிப்பா சட்டம் சில சூழல்களில் காவல் அமைப்புகளுக்குத் தகவல் தர அனுமதிக்கிறது, ஆனால் நிர்வாகக் கோரிக்கை வந்ததும் கொடுத்துவிட வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. குறைந்த வருமானத்தினருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட் பதிவு மட்டும் வேறு: 2025 ஜூனில் மத்திய அரசே அந்தத் தரவை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குக் கொடுத்தது, வழக்குகள் தொடர்ந்தன. விண்ணப்பிக்கும் முன் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஆறாம் படி: உங்கள் மாநிலம் என்ன சொல்கிறது?

கலிஃபோர்னியாவில் 2025 செப்டம்பர் 20 அன்று ஆளுநர் கையெழுத்திட்ட சட்டங்களில், ஏபி 49 நீதிமன்ற வாரண்டோ உத்தரவோ இல்லாமல் பள்ளியின் தனி இடங்களுக்குள் அனுமதிக்கத் தடை போடுகிறது. எஸ்பி 81 மருத்துவமனைகளுக்கும் அதே போன்ற கட்டுப்பாடு. எஸ்பி 98 வளாகத்தில் அதிகாரிகள் வந்தது உறுதியானால் பெற்றோருக்கும் ஊழியருக்கும் தெரிவிக்கச் சொல்கிறது. இலினாயில் 2025 ஆகஸ்டில் பள்ளிகளுக்கும் டிசம்பரில் நீதிமன்றம், மருத்துவமனை, கல்லூரி ஆகியவற்றுக்கும் சட்டம் வந்தது. நியூயார்க்கில் 2020 முதல் மாநில நீதிமன்றங்களுக்கு வருவோரை நீதிமன்ற வாரண்ட் இல்லாமல் இமிக்ரேஷன் கைது செய்யத் தடை உண்டு. வாஷிங்டன் மாநில அட்டர்னி ஜெனரல் பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றங்களுக்கு மாதிரிக் கொள்கைகளே எழுதிக் கொடுத்திருக்கிறார். டெக்சஸில் இப்படி எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

வழிபாட்டுத் தலங்களுக்கு 2025 பிப்ரவரி 24 அன்று மேரிலாந்து மத்திய நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது உண்மை. ஆனால் அது குவேக்கர் சபைகள், ஒரு பாப்டிஸ்ட் அமைப்பு, சாக்ரமெண்டோ சீக்கியக் கோயில் என்று வழக்குப் போட்டவர்களுக்கு மட்டும். "கோயிலுக்குள் வரமாட்டார்கள், கோர்ட் சொல்லியிருக்கிறது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்பி இருந்துவிடாதீர்கள்.

வதந்தி பற்றியும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் உறுதி செய்யாத ஒரு செய்தி ஒரு வாரத்துக்குப் பள்ளி வருகையைப் பாதியாக்கிவிடும். குழுவில் செய்தி போடும் முன் எத்தனை பேர், என்ன செய்கிறார்கள், எந்த மூலை, உடையில் என்ன எழுத்து, எத்தனை மணிக்கு, நேரில் பார்த்தது யார் என்ற ஆறுக்கும் பதில் இருக்க வேண்டும். "ஐஸ் வந்திருக்காம்" என்று மட்டும் வந்தால் அதைப் பகிராதீர்கள், கேள்வி கேளுங்கள்.

ஏழாம் படி: குடும்பத்துக்கு

18 வயது நிரம்பிய, குடியுரிமை இல்லாத ஒவ்வொருவரும் பதிவுச் சான்றை உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்: க்ரீன் கார்டு, வேலை அனுமதி அட்டை, அல்லது ஐ-94 என்ற நுழைவுப் பதிவின் அச்சுப் பிரதி. ஹெச்-4 விசாவில் இருக்கும் பலர் இவற்றை எல்லாம் லாக்கரில் பூட்டி வைத்துவிட்டுப் பிள்ளையைக் கூப்பிடப் போகிறார்கள். ஐ-94-ஐ அச்செடுத்துக் கைப்பையில் வையுங்கள். எந்த நிலையிலும் 'நான் சிட்டிசன்' என்று பொய் சொல்லாதீர்கள். அந்த ஒரு சொல் பின்னாளில் எல்லா மனுக்களையும் மூடிவிடும்.

பள்ளி அவசரத் தொடர்பு அட்டையில் பெற்றோர் இருவரையும் தவிர, குழந்தையை அழைத்துச் செல்ல அனுமதி பெற்ற இரண்டு பேராவது இருக்கட்டும். அவர்களில் ஒருவர் நிலையான குடியேற்ற நிலை உள்ளவராக இருந்தால் நல்லது. பராமரிப்பாளர் அங்கீகாரப் படிவம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்; கலிஃபோர்னியாவில் அது பிரமாணப் பத்திரமாக இருக்கிறது. ஏ-எண் (இமிக்ரேஷன் பதிவு எண்) எழுதிய தாளை நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்: ஐஸின் இணையத் தேடலில் ஏ-எண்ணும் பிறந்த நாடும் இருந்தால் பிடிபட்டவர் எந்த மையத்தில் இருக்கிறார் என்று பார்க்கலாம். பிடிபட்டவர் தம் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி கேட்கலாம். இந்தியரோ இலங்கையரோ வாய்விட்டுக் கேட்டால்தான் தெரிவிப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

எட்டாம் படி: எழுத்தில் வாங்குங்கள்

முதல்வர் நல்லவர் என்பது கொள்கை ஆகாது, அவர் அடுத்த வருடம் மாறிவிடுவார். பள்ளி வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச வழக்கமாக இரண்டு மூன்று நிமிடம் தருவார்கள். நிகழ்ச்சி நிரல் வெளியானதும் பெயர் பதிய வேண்டும். ஐந்து பெற்றோர் போய் ஒரே கதையை ஐந்து முறை சொல்லாமல், ஆளுக்கு ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். வார இறுதியில் வாடகைக்கு விடும்போது யார் பொறுப்பு? முன்மேசை ஊழியருக்கும் பேருந்து ஓட்டுநருக்கும் எப்போது பயிற்சி? தாளைச் சரிபார்க்கும் வழக்கறிஞர் மாலை 5 மணிக்குப் பிறகு கிடைப்பாரா? பெற்றோருக்கு எத்தனை மணி நேரத்தில் தகவல் தருவீர்கள்? டைரக்டரி தகவலிலிருந்து முகவரியை நீக்குவீர்களா? பதிலைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லிக் கேளுங்கள்.

கொள்கை கையில் வந்ததும் ஒரு ஒத்திகை. தன்னார்வலர் ஒருவர் மேலங்கி போட்டு, அச்செடுத்த மாதிரி ஐ-200 படிவத்தோடு, முன்னறிவிப்பின்றி வாசலுக்கு வரட்டும். குழந்தைகள் இல்லாத நேரத்தில் நடத்துங்கள். பொறுப்பாளர் எத்தனை நிமிடத்தில் வந்தார், கதவு சாத்தியிருந்ததா, தாளைப் படமெடுத்தார்களா என்று மட்டும் பாருங்கள். முதல் ஒத்திகையில் பெரும்பாலும் யாராவது கதவைத் திறந்துவிடுவார்கள். அவரைத் திட்டாமல், அடுத்த மாதம் அதே கதவில் அவரையே நிறுத்தி மறுபடி செய்யுங்கள்.